சிண்டிகேட் போட்டால் அபராதம். ஒரே கம்பெனி ஆகிவிட்டால்?

வீடு கட்டியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்தாயிற்று. நாளை மறுநாள் தளம் போட வேண்டும். ஆட்களுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, கலவை மிஷினுக்கும் சொல்லியாயிற்று. அன்றைக்குப் பார்த்து சிமெண்ட் கடைக்காரர், "அண்ணே, நாளையிலிருந்து மூட்டைக்கு இருபது ரூபா ஏறுது, எல்லாக் கம்பெனியும்தான்" என்பார். அடுத்த தெருக் கடையில் கேட்டால் அங்கேயும் அதே இருபது. வேறு பிராண்டு பார்க்கலாம் என்றால் அதிலும் அதே இருபது. குறையட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை, சென்ட்ரிங் சாமானுக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். "எல்லாம் சிண்டிகேட் சார்" என்று மேஸ்திரி ஒரே வார்த்தையில் விஷயத்தை முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

மேஸ்திரி ஒரு நொடியில் சொன்னதைச் சட்டத்தின் முன் நிரூபிக்க இந்தியாவில் எவ்வளவு காலம் ஆகிறது, அந்தக் காலத்துக்குள் சந்தை எப்படியெல்லாம் உருமாறுகிறது என்பதற்குச் சிமெண்ட் வழக்கைவிட நல்ல பாடம் கிடையாது. 2010இல் தொடங்கிய புகார் அது. இன்னும் முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் ஒரே அளவு விலை ஏற்றினார்கள் என்பது மட்டும் சிண்டிகேட்டுக்குச் சாட்சி ஆகாது. பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே இருக்கும் இரண்டு டீக்கடைகளில் ஒருவர் டீயைப் பதினைந்து ரூபாய் ஆக்கினால் மறுநாள் மற்றவரும் ஆக்குவார். இருவரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியதில்லை, எதிர்க்கடைப் பலகையைப் பார்த்தாலே போதும். பால் விலை ஏறியதால் இருவருக்கும் ஒரே கணக்கு வந்திருக்கவும் கூடும். இப்படித் தானாக அமையும் ஒற்றுமையைச் சட்டம் ஒன்றும் செய்யாது. 'நீ இவ்வளவு, நான் இவ்வளவு' என்று உடன்பாடு செய்துகொண்டதுதான் குற்றம். ஆனால் உடன்பாட்டை யாராவது பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பார்களா? அமெரிக்காவில் 1990களில் லைசின் என்ற கால்நடைத் தீவன அமினோ அமில வியாபாரத்தில் நடந்த விலைக் கூட்டைப் பிடித்தபோது, அதில் பங்கெடுத்த நிறுவனத்தின் அதிகாரி ஒருவரே எஃப்.பி.ஐ.க்காக ரகசியமாக ஒலிப்பதிவு செய்துகொடுத்தார். அதனால் அதிகாரிகள் சிறைக்கே போனார்கள். அந்த மாதிரி அதிர்ஷ்டம் எல்லா வழக்குக்கும் வாய்க்காது.

சில சமயம் அதிர்ஷ்டம் வேறு வடிவில் வரும். இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் தானியத்தில் வண்டு விழாமல் இருக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். 2009இல் கழகம் அதற்கு டெண்டர் விட்டது. மூன்று கம்பெனிகள் தனித்தனி உறையில் விலை எழுதிப் போட்டன. பிரித்துப் பார்த்தால் மூன்றிலும் கிலோ 388 ரூபாய். ஒரு ரூபாய் கூட வித்தியாசமில்லை! இங்கே டீக்கடைப் பலகை வாதம் எடுபடாது, ஏனென்றால் மூடிய உறைக்குள் எதிராளி எழுதியது தெரிந்திருக்க வழியில்லை. இம்மாதிரிக் கூட்டுகளை விசாரிக்கும் மத்திய அமைப்பான இந்தியப் போட்டி ஆணையம் 2012இல் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2017இல் கூட்டு நடந்தது உண்மைதான் என்று உறுதி செய்தது. ஆனால் கம்பெனியின் மொத்த விற்றுமுதலை வைத்து அபராதம் கணக்கிடக் கூடாது, அந்த ஒரு பொருளின் விற்பனையை வைத்தே கணக்கிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. பல பொருள் விற்கும் பெரிய கம்பெனிக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று விளக்க வேண்டியதில்லை.

சிமெண்டில் மூடிய உறை கிடையாது. ஆனாலும் கூட்டுச் சேர இதைவிடத் தோதான பொருள் கிடைப்பது கஷ்டம். எந்தக் கம்பெனி மூட்டையும் ஏறத்தாழ ஒரே தரம், ஐ.எஸ். முத்திரை இருந்தால் போதும். எடை அதிகம், விலை குறைவு, அதனால் வெகுதூரம் லாரியில் கொண்டுபோனால் வாடகையே விலையைத் தின்றுவிடும். சுண்ணாம்புக்கல் கிடைக்கும் இடத்தில்தான் ஆலை வைக்க முடியும். தமிழ்நாட்டில் அரியலூரைச் சுற்றி இத்தனை ஆலைகள் நிற்பதும், திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்து, கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரை என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே சிமெண்ட் நினைவுக்கு வருவதும் இதனால்தான். சுரங்கக் குத்தகை இல்லாத புது ஆள் நாளைக்கே உள்ளே நுழைந்துவிட முடியாது. வாங்குபவரோ சென்ட்ரிங் வாடகை கொடுத்துக்கொண்டு நிற்கிறார், வேண்டாம் என்று திரும்பிப் போக மாட்டார். விற்பவர் எண்ணிக்கை கொஞ்சம், வாங்குபவர் கோடிக்கணக்கில்.

இதோடு ஒரு பழைய கதையும் ஒட்டியிருக்கிறது. சிமெண்ட் விலையைப் பல ஆண்டுகள் அரசுதான் நிர்ணயித்தது. பர்மிட் வாங்கித்தான் மூட்டை எடுக்க வேண்டும். 1982இல் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினார்கள், 1989இல் முழுதாக எடுத்தார்கள். அதாவது, ஒரு தலைமுறை முழுக்க எல்லா ஆலைக்கும் விலை ஓரிடத்திலிருந்து வந்தது, எல்லோரும் சேர்ந்து அரசோடு பேசுவதே தொழிலாக இருந்தது. அப்படிப் பழகியவர்களிடம் திடீரென்று 'இனி ஒருவருக்கொருவர் பேசாமல் போட்டி போடுங்கள்' என்றால் அது அவ்வளவு சுலபமாக வராது. இது என் ஊகம்தான், ஆனால் வழக்கின் விவரங்களைப் படித்தால் இந்த ஊகம் வலுக்கிறது.

புகார் கொடுத்தது பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா, கட்டுமானக் காண்ட்ராக்டர்களின் சங்கம். 2010 ஜூலையில் போட்டி ஆணையத்துக்குப் போனார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, புகார் கொடுத்தவர் யார் என்பது. இருநூறு மூட்டை வாங்கி வீடு கட்டும் மனிதருக்கு இருபது ரூபாய் ஏற்றத்தால் போவது நாலாயிரம் ரூபாய். அதற்காக அவர் டெல்லிக்கு வக்கீல் வைக்க மாட்டார். ஏகபோக வழக்குகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படைச் சிக்கல். நஷ்டம் கோடிப் பேருக்குச் சிறிது சிறிதாகப் பிரிந்து போகிறது, லாபம் பத்துப் பேரிடம் மொத்தமாகச் சேர்கிறது. ஆகவே மொத்தமாக வாங்கும் சங்கமோ, நுகர்வோர் அமைப்போ, அடிபட்ட போட்டியாளரோ முன்வந்தால்தான் சட்டம் கண் திறக்கும். கூகுள் தேடல் வழக்கிலும் இதுதான் நடந்தது. 2012இல் ஆணையத்தின் கதவைத் தட்டியவர்கள் சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி நிறுவனமும் ஜெய்ப்பூரின் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும். 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் வந்தது. வரன் தேடித் தரும் கம்பெனி போய் உலகத்தின் மிகப் பெரிய தேடுபொறி மீது புகார் கொடுத்தது எனக்கு இன்றைக்கும் ஒரு தனி சந்தோஷம்.

சிமெண்டுக்கு வருவோம். ஆணையத்தின் விசாரணைப் பிரிவு ஒலிநாடாவோ ரகசியக் கடிதமோ எதையும் கண்டுபிடிக்கவில்லை. கிடைத்தவை எல்லாம் எண்கள். 2009-10இல் ஆலைகள் தங்கள் திறனில் 83 சதவீதம் ஓடின, 2010-11இல் அது 73 ஆக இறங்கியது. கையில் திறன் இருக்கிறது, சரக்கு குறைவாக வருகிறது, விலையோ ஏறுகிறது. 2010 நவம்பர், டிசம்பரில் தனித்தனி நிறுவனங்களின் உற்பத்தியும் அனுப்பிய சரக்கும் ஒரே திசையில் நகர்ந்தன. 2011 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சிமெண்ட் உற்பத்தியாளர் சங்கத்தின் உயர்மட்டக் குழு மும்பையில் கூடியது, கூட்டங்களுக்குப் பிறகு விலை ஏறியது. அந்தச் சங்கமே ஊர் ஊராகச் சில்லறை விலை, மொத்த விலையைச் சேகரித்துவந்தது. கேட்டால், மத்தியத் தொழில் கொள்கைத் துறை கேட்டதால்தான் சேகரித்தோம் என்றார்கள். அது பொய்யுமில்லை. போட்டியாளர்கள் ஒருவர் விலையை ஒருவர் அறிந்துகொள்ள அரசாங்கமே ஒரு ஜன்னல் திறந்து வைத்திருந்தது என்பது இந்த வழக்கின் வேடிக்கைகளில் ஒன்று.

நிறுவனங்களின் பதிலும் சொத்தையானது என்று தள்ளிவிட முடியாது. தேவை குறைந்தது, மழை பெய்தது, புது ஆலைகள் முழுத் திறனுக்கு வர மாதங்கள் ஆகும், செலவு எல்லோருக்கும் சேர்ந்தே ஏறியது, ஆகவே விலையும் சேர்ந்தே ஏறியது என்றார்கள். ஆணையம் ஏற்கவில்லை. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் விளக்கம் இருக்கலாம், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உடன்பாடு இல்லாமல் இது நடந்திருக்க வாய்ப்பில்லை என்பது அதன் முடிவு. 2012 ஜூன் 20ஆம் தேதி உத்தரவு வந்தது. அல்ட்ராடெக், ஏ.சி.சி., அம்புஜா, ஜெய்பிரகாஷ், லஃபார்ஜ், செஞ்சுரி, பினானி, ஜே.கே. சிமெண்ட் ஆகியவற்றோடு நம்மூர் இந்தியா சிமெண்ட்ஸும் ராம்கோவை நடத்தும் மெட்ராஸ் சிமெண்ட்ஸும் பட்டியலில் இருந்தன. இரண்டு ஆண்டு லாபத்தில் பாதி அபராதம். ஜெய்பிரகாஷுக்கு ரூ.1,323 கோடி, அல்ட்ராடெக்குக்கு 1,175 கோடி, மெட்ராஸ் சிமெண்ட்ஸுக்கு 258 கோடி, இந்தியா சிமெண்ட்ஸுக்கு 187 கோடி. எல்லாம் சேர்த்து 6,300 கோடிக்கு மேல். இந்தியா அதுவரை பார்க்காத தொகை.

ஏன் அதுவரை பார்க்கவில்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொது நலனுக்குக் கேடாகச் சிலர் கையில் குவியக் கூடாது என்று அரசியலமைப்பின் 39ஆவது பிரிவே சொல்கிறது. அதை மனதில் வைத்துத்தான் 1969இல் எம்.ஆர்.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஏகபோகத் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பெரிதாக இருப்பதே சந்தேகத்துக்குரியது. 20 கோடி ரூபாய்க்கு மேல் சொத்து உள்ள குழுமம் ஆலையை விரிவாக்கவும் அனுமதி கேட்க வேண்டும். இதில் ஒரு முரண். லைசென்ஸ் முறையால் புது ஆட்களை வரவிடாமல் தடுத்து ஏகபோகத்தை வளர்த்ததும் அரசு, ஏகபோகத்தைத் தடுக்கச் சட்டம் போட்டதும் அரசு. உண்மையான சிண்டிகேட் விஷயத்திலோ அந்தச் சட்டத்துக்குப் பல் கிடையாது. சிமெண்ட் கம்பெனிகளுக்கு எதிராக அந்தச் சட்டத்தின் கீழ் இருந்த பழைய கமிஷனும் 2007 டிசம்பரில் ஒரு உத்தரவு போட்டது. என்ன உத்தரவு? 'செய்வதை நிறுத்துங்கள், இனிமேல் செய்யாதீர்கள்.' அபராதம் போட அதற்கு அதிகாரமே இல்லை.

1991க்குப் பிறகு பெரிதாக இருப்பது குற்றம் என்ற எண்ணமே போய்விட்டது. பெரிதாக இரு, ஆனால் அந்தப் பலத்தை வைத்து அடுத்தவனை நசுக்காதே என்ற பார்வையில் 2002இல் போட்டிச் சட்டம் நிறைவேறியது. அதில் மூன்று வாசல்கள். கூட்டுச் சேருவது, ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது, நிறுவனங்கள் ஒன்றிணைவது. முதல் இரண்டுக்கும் நடந்த பிறகு தண்டனை, மூன்றாவதுக்கு நடக்கும் முன்பே அனுமதி. இந்த மூன்றாவது வாசலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம். சட்டம் நிறைவேறினாலும் ஆணையத்தின் தலைவராக நீதிபதி இருக்க வேண்டுமா என்ற வழக்கில் மாட்டி, 2007இல் திருத்தப்பட்டு, முக்கியமான பிரிவுகள் 2009 மே 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. சிமெண்ட் அபராதக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன் நடந்தது நடந்ததுதான்.

சரி, 2012இல் உத்தரவு போட்டாயிற்று. தொண்ணூறு நாளில் பணம் கட்டச் சொன்னார்கள். நிறுவனங்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயின. பத்து சதவீதம் கட்டிவிட்டு வழக்காடுங்கள் என்றது தீர்ப்பாயம். 2015 டிசம்பரில் ஆணையத்தின் உத்தரவையே ரத்து செய்தது. காரணம், கூட்டு நடக்கவில்லை என்பதல்ல. நிறுவனங்களின் வாதத்தைக் கேட்ட நாட்களில் ஆணையத் தலைவர் அமர்வில் இல்லை, ஆனால் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கேட்டவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், கேட்காதவர் எப்படிச் சொல்லலாம்? சட்டப்படி இது முழுக்கச் சரியான கேள்வி. சில நாட்கள் நாற்காலியில் உட்காராததால் மூன்றரை ஆண்டு உழைப்பு போனது. ஆணையம் மறுபடி எல்லோரையும் கேட்டு 2016 ஆகஸ்டில் புது உத்தரவு போட்டது. இன்னொரு இணை வழக்கையும் சேர்த்து அபராதம் சுமார் 6,700 கோடி ஆனது. 2018 ஜூலையில் என்.சி.எல்.ஏ.டி. என்ற தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்று, பத்து சதவீதம் கட்டினால் போதும் என்று வசூலை நிறுத்திவைத்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் அடிக்குறிப்பாக மட்டும் வந்துபோகிறது.

இதற்கிடையே கட்டிக்கொண்டிருந்த வீடுகள் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் அரசு தானே கடை திறந்தது. 2015 ஜனவரியில் அம்மா சிமெண்ட் திட்டம் வந்தது. தனியார் ஆலைகளிடமிருந்து டான்செம் என்ற அரசு நிறுவனம் சிமெண்டை வாங்கி, மூட்டை 190 ரூபாய்க்கு, 1,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்களுக்குக் கொடுத்தது. வெளியில் விலை 300ஐத் தாண்டியிருந்த காலம். பிறகு 2021இல் வலிமை என்ற பெயரில் டான்செம்மின் சொந்த பிராண்டு வந்தது. அதே 2021இல் விலை ஏறியபோது அரசு உற்பத்தியாளர்களை அழைத்துப் பேசியது, விலையும் குறைந்தது. வாங்குபவருக்கு நல்லதுதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்லா உற்பத்தியாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து விலையைப் பற்றிப் பேசுவது மும்பையில் நடந்தால் வழக்கு, சென்னையில் அமைச்சர் முன்னால் நடந்தால் நல்லெண்ண நடவடிக்கை. விலையைக் குறைக்கச் சேர்ந்து முடிவெடுக்க முடிகிறவர்களுக்கு ஏற்றவும் சேர்ந்து முடிவெடுக்கத் தெரியும் என்ற சின்ன விஷயம் இந்த மாதிரிச் சந்திப்புகளில் யாருக்கும் உறைப்பதில்லை.

சிண்டிகேட்டை உள்ளேயிருந்தே உடைக்க ஒரு வழி இருக்கிறது, அது இந்தியாவில் வேலை செய்யவும் செய்கிறது. கூட்டில் இருந்தவர்களில் முதலில் ஓடிவந்து உண்மையைச் சொல்பவருக்கு அபராதம் முழுவதையும் தள்ளுபடி செய்யலாம். டார்ச் லைட்டுக்குப் போடும் உலர் பேட்டரி வழக்கு இதற்கு நல்ல உதாரணம். எவரெடி, சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் நிப்போ, பானசோனிக் மூன்றும் சேர்ந்து விலை பேசிவந்தன. பானசோனிக் போய்ச் சொல்லிவிட்டது. 2018 ஏப்ரலில் உத்தரவு வந்தபோது பானசோனிக்குக் கட்ட வேண்டியது பூஜ்யம், எவரெடிக்கு ரூ.171.55 கோடி, நிப்போவின் இந்தோ நேஷனல் நிறுவனத்துக்கு ரூ.42.26 கோடி. பீர் வழக்கிலும் 2021இல் இதே கதை. காட்டிக்கொடுத்த ஏ.பி. இன்பெவ் முழுதாகத் தப்பியது, யுனைடெட் ப்ரூவரீஸுக்கு 750 கோடிக்கு மேல் விழுந்தது. திருடனுக்கு மன்னிப்பா என்று முதலில் கோபம் வரும். ஆனால் கூட்டாளி எந்த நேரத்திலும் போய்ச் சொல்லிவிடுவான் என்ற பயம்தான் சிண்டிகேட்டுக்கு எதிரான உண்மையான ஆயுதம். சிமெண்டில் யாரும் அப்படிப் போகவில்லை. அபராதம் எப்படியும் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தால் எதற்காகப் போக வேண்டும்? தாமதம் கெடுப்பது ஒரு வழக்கை மட்டுமில்லை, அடுத்த வழக்கில் வாய் திறக்க இருந்தவரையும் சேர்த்துத்தான்.

இப்போது அந்த மூன்றாவது வாசல். 2012 பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அதிலிருந்த பெயர்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஜெய்பிரகாஷ் குழுமம் கடனில் மூழ்கி, 2017இல் பெரும்பாலான ஆலைகளை அல்ட்ராடெக்கிடம் விற்றது. பினானி திவாலாகி 2018இல் அல்ட்ராடெக் கைக்குப் போனது. செஞ்சுரியின் சிமெண்ட் பிரிவு 2019இல் அல்ட்ராடெக்கோடு சேர்ந்தது. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ், 1949இல் தாழையூத்தில் முதல் ஆலை தொடங்கிய அதே நிறுவனம், அல்ட்ராடெக்கின் துணை நிறுவனம் ஆனது. ஏ.சி.சி.யும் அம்புஜாவும் வழக்கு நடந்த காலத்திலேயே ஹோல்சிம் என்ற ஒரே முதலாளியின் கீழ்தான் இருந்தன, 2022 செப்டம்பரில் இரண்டும் அதானி குழுமத்துக்குப் போயின. லஃபார்ஜ் இந்தியா 2016இல் நிர்மாவிடம் போனது. பெரிய மாற்றமில்லாமல் சொந்தமாக நிற்பவை ராம்கோவும் ஜே.கே. சிமெண்டும்தான். அல்ட்ராடெக்கின் ஆண்டுத் திறன் 15 கோடி டன்னைத் தாண்டிவிட்டது, அதானி குழுமம் 2025இல் 10 கோடி டன்னை எட்டியது.

இதில் எதுவும் சட்டவிரோதம் இல்லை. பெரிய இணைப்புகள் போட்டி ஆணையத்தின் அனுமதி பெற்றே நடந்தன. ஆணையம் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது என்றும் சொல்ல முடியாது. உலக அளவில் லஃபார்ஜும் ஹோல்சிமும் இணைந்தபோது, கிழக்கு இந்தியாவில் போட்டி குறையும் என்று ஆலைகளை விற்கச் சொன்னது ஆணையம்தான். லஃபார்ஜ் இந்தியா முழுதாகவே நிர்மாவுக்கு விற்கப்பட்டது அதன் தொடர்ச்சியாக. திவாலான பினானியையோ நஷ்டத்தில் தள்ளாடிய இந்தியா சிமெண்ட்ஸையோ யாரும் வாங்காமல் விட்டிருந்தால் ஆலைகள் மூடப்பட்டு சரக்கு இன்னும் குறைந்திருக்கும் என்ற வாதமும் நியாயமானதுதான். தென்னிந்தியாவில் டால்மியா, செட்டிநாடு, ராம்கோ என்று இன்னும் பல ஆட்கள் இருக்கிறார்கள், தேவைக்கு மேல் திறனும் இருக்கிறது.

ஆனாலும் கணக்கு இடிக்கிறது. பத்துக் கம்பெனிகள் ஓட்டலில் கூடி உற்பத்தியையும் விலையையும் ஒத்துப்போகச் செய்தால் சட்டம் அதைக் கொடிய குற்றம் என்கிறது, லாபத்தைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம் என்கிறது. அந்தப் பத்தில் ஐந்து ஒரே முதலாளியின் கீழ் வந்துவிட்டால், எந்த ஆலை எவ்வளவு ஓட வேண்டும், எந்த மாவட்டத்தில் என்ன விலை என்பதை ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யலாம். அதற்குப் பெயர் நிர்வாகம். ஓட்டல் வாடகை கூட மிச்சம். ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகப் பார்த்தால் பாதகமில்லை என்றே தோன்றும், பத்தாண்டு இணைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் படம் தெரியும். சிமெண்ட் கூட்டு வழக்கில், தனித்தனியாகப் பார்க்காதே, சேர்த்துப் பார் என்று சொன்ன அதே ஆணையம், இணைப்புகளுக்கும் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

2023இல் போட்டிச் சட்டத்தைத் திருத்தினார்கள். மேல்முறையீட்டுக்குப் போக அபராதத்தில் 25 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்று ஆக்கியது நல்ல காரியம், பத்து சதவீதத்தில் பல ஆண்டு ஓட்டும் வசதி இனி குறையும். அபராதத்துக்கு உலகளாவிய விற்றுமுதலைக் கணக்கில் எடுக்கலாம் என்றும் வந்திருக்கிறது. அந்த 388 ரூபாய் மாத்திரைத் தீர்ப்புக்கு நாடாளுமன்றம் சொன்ன பதில் என்று அதைச் சொல்லலாம். 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதல்கள், வாங்கப்படும் கம்பெனி சிறியதாக இருந்தாலும், இந்தியாவில் அதற்குக் கணிசமான வியாபாரம் இருந்தால் அனுமதிக்கு வர வேண்டும் என்பது டிஜிட்டல் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதியது. வழக்கு முடியும் முன்பே நிறுவனம் சமரசம் பேசிக்கொள்ளவும் வழி திறந்திருக்கிறார்கள், ஆனால் சிண்டிகேட் வழக்குகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது, யாரும் அதிகம் பேசாதது. கூட்டால் நஷ்டப்பட்டவர்கள் தீர்ப்பாயத்தில் ஈடு கேட்கலாம். காண்ட்ராக்டர் கேட்கலாம், வீடு கட்டியவரும் கேட்கலாம், ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட பலர் சேர்ந்தும் கேட்கலாம். ஆனால் கூட்டு நடந்ததா இல்லையா என்பது கடைசி நீதிமன்றத்தில் முடிவாகாத வரை அந்த மனு நகராது. 2010இல் இரும்புப் பெட்டியில் சிமெண்ட் பில்லைப் பத்திரமாக வைத்தவருக்கு இன்னும் அதை எடுக்க வேண்டிய வேளை வரவில்லை. அது வரும்போதும் ஆணையத்தின் அபராதப் பட்டியலில் இந்தியா சிமெண்ட்ஸ் பெயருக்கு நேரே 187 கோடி இருக்கும். இன்று அந்த நிறுவனத்தின் உரிமையாளர், அதே பட்டியலில் அதற்குச் சில வரிகள் தள்ளி 1,175 கோடிக்கு நேரே பெயருள்ள இன்னொரு நிறுவனம்.